லினக்ஸ் ஏறவில்லையா? மெஷினிடமே கேளுங்கள்

"என் லேப்டாப்புக்கு லினக்ஸ் ஒத்து வரலைங்க." விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியதிலிருந்து இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸரோ அதற்கு மேலோ வேண்டும். நான்காம், ஆறாம் தலைமுறை ஐ3, ஐ5 மெஷின்கள் இன்னும் நன்றாக ஓடுகின்றன. ஒரு எஸ்எஸ்டி மாட்டி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் பிள்ளைகள் படிக்க, கணக்கு எழுத, வீடியோ பார்க்கத் தாராளமாகப் போதும். அதை நம்பித்தான் பலர் பென்டிரைவ் தயார் செய்து உட்காருகிறார்கள். பாதியில் ஏதோ ஒன்று நின்றுவிடுகிறது. உடனே மேலே சொன்ன தீர்ப்பு வந்துவிடுகிறது.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "எந்த இடத்துல நின்னுச்சு? ஸ்கிரீன்ல கடைசியா என்ன வரி இருந்துச்சு?" பெரும்பாலும் பதில் இருக்காது. "லோகோ சுத்திக்கிட்டே இருந்துச்சு, ஆஃப் பண்ணிட்டேன்" என்பார்கள்.

அந்த லோகோவுக்குப் பின்னால்தான் முழு விவரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஒவ்வொரு வன்பொருளையும் தொடும்போது என்ன ஆயிற்று என்று வரிக்கு வரி எழுதி வைக்கும். டிஸ்க் பதில் சொல்லவில்லை, இந்தக் கோப்பு கிடைக்கவில்லை, இந்த டிரைவரின் கையெழுத்து செல்லாது என்று எல்லாமே பதிவாகும். புதியவர் மிரளக்கூடாது என்று உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகள் (டிஸ்ட்ரோக்கள்) அதை ஒரு படத்தால் மூடி வைத்திருக்கின்றன. மெஷின் எழும்போது எதை ஏற்றுவது என்று கேட்கும் க்ரப் மெனு வந்ததும் 'இ' விசையை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியில் இருக்கும் 'க்வயட் ஸ்ப்ளாஷ்' என்ற இரண்டு சொற்களையும் அழித்துவிட்டு எஃப்10 அழுத்துங்கள். மூடியிருந்தது திறந்துவிடும். எங்கே நிற்கிறதோ அந்த இடத்தைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாதிச் சிக்கலுக்கு அந்தப் படமே போதும். பழக்கமான டிஸ்ட்ரோவை மாற்றிப் பார், இன்னொரு பதிப்பைப் போட்டுப் பார் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். கடைசி வரியைப் படிக்காமல் எதையும் மாற்றாதீர்கள். நான்கு டிஸ்ட்ரோ மாற்றினாலும் கெட்டுப்போன ரேம் கெட்டுப்போனதாகவேதான் இருக்கும்.

ரேம் பற்றிச் சொல்ல வேண்டும். இன்ஸ்டால் பாதியில் நின்றால் நான் முதலில் பார்ப்பது, ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நிற்கிறதா, வேறு வேறு இடத்தில் நிற்கிறதா என்பதை. ஒரே இடம் என்றால் பென்டிரைவ் மேலும் இறக்கிய ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் கோப்பு) மேலும் சந்தேகப்படலாம். 'ஸ்குவாஷ்எஃப்எஸ் எரர்' என்று வரிசையாக வரிகள் ஓடும். கோப்பு சேதமில்லாமல் இறங்கியதா என்று காட்டும் எஸ்எச்ஏ256 எண்ணைச் சரிபார்த்து, வேறு பென்டிரைவில் எழுதி, வேறு யுஎஸ்பி போர்ட்டில் செருகினால் தீர்ந்துவிடும். டெஸ்க்டாப் என்றால் முன்பக்க போர்ட்டை விட்டுவிட்டு, மதர்போர்டிலேயே இருக்கும் பின்பக்க போர்ட்டில் செருகுங்கள். வேறு வேறு இடத்தில் நிற்கிறது என்றால் ரேமைத்தான் பார்க்க வேண்டும்.

நண்பர் ஒருவருடைய டியூஷன் சென்டரில் இப்படி ஒரு டெஸ்க்டாப் இருந்தது. ஒருமுறை கோப்புகளை நகல் எடுக்கும்போது நின்றது. அடுத்த முறை பார்ட்டிஷன் பிரிக்கும்போதே நின்றது. இன்னொரு முறை முழுதாக முடிந்துவிட்டு, முதல் பூட்டில் கெர்னல் பேனிக் (கெர்னலே தொடர முடியாமல் நின்றுவிடும் பிழை) காட்டியது. விண்டோஸ் மட்டும் எப்படி ஓடியது என்று நண்பருக்கு ஆச்சரியம். விண்டோஸும் அவ்வப்போது நீலத்திரை காட்டியிருக்கிறது. அதை வைரஸ் என்று நினைத்திருக்கிறார்கள். பவர் கேபிளைக் கழற்றி, இரண்டு ரேம் குச்சிகளையும் உருவி, அந்தத் தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன். ரப்பரில் கருப்பாக அழுக்கு வந்தது. நம்மூர் சர்வீஸ் கடைகளில் முதலில் செய்கிற வேலை இது. அனுபவத்தில் வந்த பழக்கம், பல மெஷின்களை எழுப்பியும் இருக்கிறது. இந்த மெஷின் மட்டும் எழவில்லை. பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஓட்டினோம். 2022-இல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து அது யுஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகும் புதிய மெஷின்களிலும் நேரடியாக ஓடுகிறது. கொஞ்ச நேரத்தில் சிவப்பு வரிகள் இறங்க ஆரம்பித்தன. ஒரு குச்சியை எடுத்துவிட்டு ஓட்டினால் சுத்தம். மற்றதை மட்டும் வைத்து ஓட்டினால் மறுபடி சிவப்பு. கெட்ட குச்சியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு 4 ஜிபியிலேயே எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த டெஸ்க்டாப் உள்ள லினக்ஸைப் போட்டோம். இன்றும் அதில்தான் பிள்ளைகள் தட்டச்சு பழகுகிறார்கள்.

ஹார்ட்டிஸ்க்கும் இதே மாதிரிதான். இன்ஸ்டால் செய்யும்போது இதுவரை தொடாத மூலைகளிலெல்லாம் எழுத நேர்வதால், நோயாளி டிஸ்க் அப்போதுதான் மாட்டிக்கொள்ளும். இன்ஸ்டால் செய்யாமலேயே லினக்ஸ் ஓடும் லைவ் பென்டிரைவில் பூட் செய்ததுமே, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதி வைக்கும் 'ஸ்மார்ட்' விவரத்தைப் பார்த்துவிடுவது நல்லது. அந்த நீண்ட பட்டியலில் மூன்று எண்கள் முக்கியம். 5-ஆம் எண், கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கிய செக்டர்களைச் சொல்கிறது. 197, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவற்றை. இந்த இரண்டும் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை நம்பி எதையும் வைக்காதீர்கள், முதலில் போட்டோக்களைக் காப்பி எடுங்கள். 199 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க் நன்றாகவே இருக்கலாம், சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். நல்ல டிஸ்க்கைத் தூக்கிப்போட்டுவிட்டு அதே கேபிளில் புது டிஸ்க் மாட்டிய கதைகள் உண்டு.

பழைய டெஸ்க்டாப்களில் இன்னொரு விசித்திரமான தடங்கல், மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி. சிஆர்2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும்: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். அது தீர்ந்துவிட்டால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் பல வருடம் பின்னால் ஓடிவிடும். இதற்கும் லினக்ஸுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். பிரவுசரில் ஒரு தளமும் திறக்காது, ஏனென்றால் அந்தத் தேதிக்குப் பாதுகாப்புச் சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை. மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கப் போனால் 'ரிலீஸ் ஃபைல் இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று வரும். பார்ப்பவர் நெட்வொர்க் கோளாறு என்று ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவார். மெஷின் எழும்போது முதலில் ஓடும் பயாஸில் நாம் மாற்றி வைத்த அமைப்புகளும் பேட்டரியோடு போய்விடும். நேற்று பென்டிரைவில் பூட் ஆன மெஷின் இன்று ஆகாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். எந்தக் குறியும் சரியாகப் பொருந்தவில்லை என்றால் ஸ்கிரீன் மூலையில் தேதியை ஒருமுறை பாருங்கள்.

இதற்கு நேர்மாறான புதிய மெஷின் சிக்கல் ஒன்று. இன்ஸ்டாலர் திறக்கிறது, ஆனால் டிஸ்க்கே இல்லை என்கிறது. விண்டோஸில் நன்றாக இருந்த 512 ஜிபி எங்கே போயிற்று? பயாஸில் ஸ்டோரேஜ் முறை 'ரெய்டு' என்றோ 'இன்டெல் ஆர்எஸ்டி' என்றோ வைக்கப்பட்டிருக்கும். அதை ஏஎச்சிஐ-க்கு மாற்றினால் டிஸ்க் தெரியும். ஆனால் சட்டென்று மாற்றினால் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் எழாது. முதலில், விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் எழும்படி வைத்து, ரீஸ்டார்ட் செய்து, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை எழவிட்டு, அந்த அமைப்பை எடுத்துவிடுங்கள். இரண்டு சிஸ்டமும் பிழைத்துக்கொள்ளும். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இருந்தால் அதையும் நிறுத்துங்கள். அது மெஷினை முழுதாக அணைக்காமல் பாதித் தூக்கத்தில் விடுகிறது. அப்புறம் லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுத முடியாது. சில நெட்வொர்க் கார்டுகளும் அந்தத் தூக்கத்திலிருந்து எழாது.

ஸ்கிரீன் முழுக்கக் கறுத்துப்போனால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டுதான். க்ரப் வரியில் 'நோமோட்செட்' என்று சேர்த்தால் ஸ்கிரீன் வரும். கெர்னலின் கிராஃபிக்ஸ் டிரைவர் ஸ்கிரீனின் அளவைத் தானே அமைக்க வேண்டாம், பயாஸ் கொடுத்ததை வைத்து ஓட்டு என்பதுதான் அதன் பொருள். படம் மந்தமாக இருக்கும், பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்க முடியாமல் போகலாம். இது இன்ஸ்டால் முடிக்க மட்டுமே உதவும் வழி. சரியான டிரைவர் போட்டதும் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். பலர் அதை அப்படியே விட்டுவிட்டு லினக்ஸ் மெதுவாக இருக்கிறது என்று வருடக்கணக்கில் குறைப்படுகிறார்கள். என்விடியா கார்டுகளில் இந்தத் தொல்லை ஏன் அதிகம் என்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. 2012 ஜூனில் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த நிறுவனத்தைக் கேமரா முன்னாலேயே திட்டினார். 2022 மே மாதம், டூரிங் தலைமுறை முதலான கார்டுகளுக்கான கெர்னல் பகுதியை அவர்கள் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். பழைய கார்டு வைத்திருப்பவருக்கு மூடிய டிரைவர், இல்லையென்றால் நூவோ என்ற திறந்த மூல டிரைவர், இந்த இரண்டே வழிதான் இன்றும்.

இனி வைஃபை. எனக்கு வரும் அழைப்புகளில் பெரும்பங்கு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அக்கா மகன் ஒரு நாள் ராத்திரி கூப்பிட்டான். "மாமா, எல்லாம் வந்துருச்சு, வைஃபை மட்டும் வரவே இல்ல. டிரைவர் போடணுமாம். டிரைவர் போட நெட் வேணுமாம். நெட்டுக்கு வைஃபை வேணுமே!"

"உன் போனை சார்ஜர் கேபிள்ல லேப்டாப்போட மாட்டுடா. போன் செட்டிங்ஸ்ல ஹாட்ஸ்பாட் பக்கத்துல 'யுஎஸ்பி டெதரிங்'னு இருக்கும். அதை ஆன் பண்ணு."

ரெண்டு நொடி அமைதி. "மாமா, நெட் வந்துருச்சு!"

ஆண்ட்ராய்டு போன் யுஎஸ்பி வழியாக ஒரு நெட்வொர்க் கார்டு போலவே லினக்ஸுக்குத் தெரியும். அதற்கான டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, தனியாக எதுவும் போட வேண்டாம். கேபிள் மட்டும் டேட்டா போகிற கேபிளாக இருக்க வேண்டும், வெறும் சார்ஜ் ஏற்றும் கேபிளில் வராது.

நெட் கிடைத்துவிட்டது. இப்போது எந்த சிப் என்று தெரிய வேண்டும். லேப்டாப்பின் மாடல் பெயரைத் தேடிப் பயனில்லை. ஒரே மாடலை ஒரு மாதம் ஒரு வைஃபை கார்டோடும் அடுத்த மாதம் இன்னொன்றோடும் விற்பார்கள். மெக்கானிக்கிடம் வண்டியின் நிறத்தைச் சொல்லி உதிரிபாகம் கேட்பது போலத்தான் அது. டெர்மினலைத் திறந்து 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை 'என்என்கே' என்ற குறியோடு ஓட்டுங்கள். ஒவ்வொரு சாதனத்துக்கும் சதுர அடைப்புக்குள் நான்கு இலக்கமாக இரண்டு எண்கள் வரும். முதலாவது தயாரித்த நிறுவனம், இரண்டாவது சிப். இன்டெல்லின் எண் 8086. அவர்கள் 1978-இல் வெளியிட்ட புகழ்பெற்ற சிப்பின் எண்ணையே எடுத்துக்கொண்டார்கள். 8086:3165 என்று வந்தால் அது இன்டெல் 3165 வைஃபை கார்டு, லேப்டாப் மேல் என்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் சரி. இந்த எண்ணை வைத்துத் தேடினால் அந்த சிப்போடு மல்லுக்கட்டிய அத்தனை பேரின் அனுபவமும் கிடைக்கும். யுஎஸ்பியில் செருகும் டாங்கிள் என்றால் 'எல்எஸ்யுஎஸ்பி'. சில டாங்கிள்கள் முதலில் தங்களை ஒரு சிடி டிரைவ் என்று சொல்லிக்கொள்ளும். விண்டோஸ் டிரைவரை அதற்குள்ளேயே வைத்திருப்பதால் வந்த வினை. 'யுஎஸ்பி மோட்ஸ்விட்ச்' என்ற கருவி அதை வைஃபை ஆக்கிவிடும்.

எண்ணுக்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் டிரைவரே பொருந்தவில்லை. பிராட்காம் சிப்களில் இது அதிகம். அந்த நிறுவனம் 2010 செப்டம்பரில் சில சிப்களுக்குத் திறந்த டிரைவர் வெளியிட்டது. அந்தப் பட்டியலில் இல்லாதவற்றுக்கு 'டபிள்யுஎல்' என்ற மூடிய டிரைவரைப் போட வேண்டியிருக்கும். உபுண்டுவில் 'கூடுதல் டிரைவர்கள்' என்ற இடத்தில் ஒரு சொடுக்கில் வரும்.

டிரைவர் வரி இருக்கிறது, ஆனாலும் வைஃபை இல்லையா? நிர்வாகி உரிமை தரும் 'சுடோ' சேர்த்து, கெர்னல் எழுதிய பதிவைக் காட்டும் 'டி-மெசேஜ்' கட்டளையை ஓட்டிப் பாருங்கள். 'ஃபர்ம்வேர் லோட் ஃபெயில்ட் வித் எரர் -2' என்ற மாதிரி வரி கிடைக்கலாம். அந்த -2 என்பது 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்பதற்கு லினக்ஸ் வைத்திருக்கும் எண். டிரைவர் தயாராக நிற்கிறது, சிப்புக்குள் ஏற்ற வேண்டிய கோப்பு டிஸ்க்கில் இல்லை. அந்த வரியிலேயே கோப்பின் பெயரும் இருக்கும். இன்டெல் கார்டுகளில் மட்டும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். புதிய ஃபர்ம்வேர் பதிப்பைத் தேடி, இல்லை என்று சொல்லி, அதற்கு முந்தையதைத் தேடி, இறங்கிக்கொண்டே வரும். நடுவில் வரும் -2 வரிகளைப் பார்த்துப் பதற வேண்டாம். கடைசியில் 'லோடட் ஃபர்ம்வேர் வெர்ஷன்' என்று ஒரு வரி வந்திருந்தால் எல்லாம் சரி.

டெபியன் என்ற டிஸ்ட்ரோவில் இந்தத் தொல்லை வெகுகாலம் இருந்தது. சுதந்திர மென்பொருள் கொள்கைக்காக, மூடிய ஃபர்ம்வேர் கோப்புகளை அதிகாரபூர்வ ஐஎஸ்ஓவில் சேர்க்காமலே வைத்திருந்தார்கள். 2022 அக்டோபரில் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுத்து அதை மாற்றினார்கள். 2023 ஜூன் 10-இல் வந்த டெபியன் 12 முதல் அவை இன்ஸ்டாலரிலேயே இருக்கின்றன. கொள்கையில் பிடிப்புள்ள நண்பர்கள் இதற்கு வருந்தினார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். வீட்டில் லேன் வயர் இல்லாத ஒரு மாணவி, முதல் நாளே நெட் இல்லாமல் நின்றால் இரண்டாம் நாள் விண்டோஸுக்குத் திரும்பிவிடுவாள். அவளிடம் சுதந்திர மென்பொருள் பற்றிப் பேச நமக்கு வாய்ப்பே கிடைக்காது.

டிரைவரும் ஃபர்ம்வேரும் ஏறியும் வைஃபை 'ஆஃப்' என்றே காட்டினால் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' ஓட்டுங்கள். 'சாஃப்ட் பிளாக்ட்: யெஸ்' என்றால் ஒரு கட்டளையில் திறக்கலாம். 'ஹார்ட் பிளாக்ட்: யெஸ்' என்றால் லேப்டாப் ஓரத்தில் சுவிட்ச் இருக்கிறதா தேடுங்கள், விமானம் போட்ட எஃப் விசையை அழுத்திப் பாருங்கள். சுவிட்சே இல்லாத சில மாடல்களிலும் இப்படிக் காட்டும். அந்த மாடலுக்கான துணை டிரைவர், இல்லவே இல்லாத ஒரு சுவிட்சைப் படித்துவிட்டு 'அணைத்திருக்கிறது' என்று சொல்கிறது. அந்தத் துணை டிரைவரைத் தடைப்பட்டியலில் சேர்த்தால் வைஃபை எழும்.

ரவுட்டர் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் சிக்னல், அடுத்த அறைக்குப் போனால் இல்லை என்று ஒரு வகை உண்டு. ரியல்டெக் 8723பிஇ சிப் இதற்குப் பேர்போனது. அதில் ஆன்டெனா மாட்ட இரண்டு இடம் உண்டு. செலவைக் குறைக்கப் பல லேப்டாப்களில் ஒரே ஆன்டெனாவை ஒரு பக்கம் மட்டும் மாட்டியிருப்பார்கள். எந்தப் பக்கம் என்று சிப்பில் எழுதியிருப்பதை நம்பி டிரைவர் காலியான பக்கத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும். டிரைவருக்கு 'ஆன்ட் செல்' என்ற அமைப்பில் 1 அல்லது 2 என்று ஒரு எண் கொடுத்தால் போதும், ஒரு கோடு நான்கு கோடாகும். ஸ்குரூ டிரைவரைத் தொடவே வேண்டாம்.

வைஃபைக்கோ கிராஃபிக்ஸுக்கோ தனி டிரைவர் போடும்போது, நம்பகமான கையெழுத்து உள்ளதை மட்டும் ஏற்றவிடும் செக்யூர் பூட் குறுக்கே வரும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ரீஸ்டார்ட் ஆனதும் நீலத்திரையில் 'மாக் மேனேஜ்மென்ட்' என்று வந்து பத்து நொடிதான் காத்திருக்கும். என்னவோ என்று விட்டுவிட்டால் நேராக பூட் ஆகிவிடும். டிரைவர் டிஸ்க்கில் இருக்கும், கெர்னல் ஏற்றாது. 'சாவி நிராகரிக்கப்பட்டது' என்று பதிவில் எழுதி வைத்திருக்கும். 'மாக்யுடில்' கொண்டு சாவியை மறுபடி பதியச் சொல்லி, அடுத்த ரீஸ்டார்ட்டில் அந்த நீலத்திரையில் ஏதாவது ஒரு விசையை அழுத்தி, 'என்ரோல்' தேர்ந்து, அதே பாஸ்வேர்டைக் கொடுத்தால் முடிந்தது. செக்யூர் பூட்டையே அணைத்துவிடு என்று சொல்வது எளிது. பிட்லாக்கரோடு விண்டோஸும் இருக்கிற மெஷினில் நான் அதைச் சொல்வதில்லை.

ஒலி வராமல் 'டம்மி அவுட்புட்' என்று காட்டினால் புதிய இன்டெல் மெஷின்களில் பெரும்பாலும் எஸ்ஓஎஃப் ஃபர்ம்வேர் பேக்கேஜ் விட்டுப்போயிருக்கும், போட்டால் வந்துவிடும். கைரேகை சென்சார்களில் பலவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் கிடையாது. லேப்டாப் புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே லைவ் பென்டிரைவில் பூட் செய்து வைஃபை, ஒலி, கேமரா, மூடித் திறந்தால் எழுகிறதா என்று பார்த்துவிட்டு வாங்கலாம். பல கடைக்காரர்கள் மறுப்பதில்லை.

எல்லாம் ஓடத் தொடங்கிய பிறகு ஒரு நாள் அப்டேட் போட்டதும் வைஃபை மறுபடி காணாமல் போகலாம். புதிய கெர்னலுக்குத் தனி டிரைவர் இன்னும் கட்டப்படவில்லை என்று அர்த்தம். க்ரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' திறந்தால் பழைய கெர்னல் அங்கேயே இருக்கும். அதில் பூட் செய்து வேலையைப் பாருங்கள். அந்தப் பழைய கெர்னலை மட்டும் இடம் போதவில்லை என்று நீக்கிவிடாதீர்கள்.